ரேடியோ நிலையத்தில் தலையாட்டியவள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ரேடியோவைப் பற்றிப் பேச்சு வராமல் போகாது. எந்தக் கச்சேரியை யார் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம், எந்தச் செய்தி வந்தபோது எந்தப் பூங்காவில் இருந்தோம் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு உள்ள தேர்ச்சி உங்களில் யாருக்கும் இல்லை. நான் அந்த வேலையை முறைப்படி செய்தவள். பட்டணத்தில் ரேடியோ வந்த புதிதில், ஒன்பது வயதில், நிலையத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து கேட்பதற்காக என்னை அமர்த்தியிருந்தார்கள். நியமன உத்தரவு கிடையாது, சம்பளம் கிடையாது, ராஜினாமாவுக்கு வழியும் கிடையாது. பிற்காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் விடுப்பு விதிகளை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்குத் தேறி ஓய்வு பெற்றேன். ஆனாலும் அந்த முதல் வேலையிலிருந்து என்னை எந்த விதியின் கீழ் விடுவித்திருக்கலாம் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் சொல்வது பின்னால் வந்த பெரிய நிலையத்தை அல்ல, அதற்கு முந்தையதை. இயந்திரப் பைத்தியம் பிடித்த சில கனவான்கள் சங்கமாகக் கூடி அதை ஆரம்பித்தார்கள். கைக்காசு தீர்ந்ததும் மூடினார்கள். இயந்திரம் கொஞ்ச காலம் தூசி படிந்து கிடந்தது. பிறகு ஊர் நிர்வாகம் அதை எடுத்து நடத்தியது. எடுத்து நடத்துவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்: மேலே ஒரு அதிகாரி, உள்ளே ஒரு இன்ஜினீயர், வாசலில் ஒரு பியூன், மூவருக்கும் பொதுவாக ஒரு கட்டு நிபந்தனைகள். மாலையில் கொஞ்ச நேரந்தான் ஒலிபரப்பு. பெரும்பாலும் பாட்டு, நடுவில் ஒரு பேச்சு. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம், அதற்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பாட்டு முடிந்து பேச்சு ஆரம்பித்தால் ஜனங்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுச் சுண்டல் வாங்கப் போவார்கள்.

அந்தப் பேச்சைப் பேசியவர் என் பெரியப்பா.

அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. குண்டக்கல்லுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்று என்னை மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு ஆவணி மாதம் அப்பாவும் அம்மாவும் ரயிலேறினார்கள். கோடை விடுமுறை விட்டதும் அப்பா வந்து என்னை அழைத்துப்போவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே, “மாம்பழம் வரச்சே நீயும் வந்துடுவே. அழப்படாது” என்றாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க முடியவில்லை, பின்னலைப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு ஐப்பசி மழையில்கூட நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குளக்கரைப் பழக்கடைகளை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வருவேன்.

பெரியப்பா ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாமல் முன்கூட்டியே வெளியே வந்தவர். வகுப்பு அவரை விட்டுப் போனது, பேச்சு போகவில்லை. சாப்பிடும்போது பெரியம்மாவுக்கு ரசத்தின் குணங்களைப் பற்றி, ரசம் வைத்தவளுக்கே, விஸ்தாரமாகச் சொல்வார். எதிர்வீட்டு வக்கீல் அதிகாரிகளோடு பழக்கமுள்ளவர். அவர்தான் சிபாரிசு செய்து பெரியப்பாவை ரேடியோவில் பேச வைத்தார். தெருவே பேசிக்கொண்டது. பெரியப்பா புதுத் தலைப்பாகை வாங்கினார். ரேடியோவில் தலைப்பாகை எதற்கு என்று கேட்கும் துணிவு வீட்டில் யாருக்கும் இல்லை.

முதல் பேச்சு பாதியில் நின்றது. காகிதத்தில் எழுதி, அதிகாரியிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கிக்கொண்டுதான் போனார். முத்திரை இல்லாத ஒரு வாக்கியமும் காற்றில் போகக் கூடாது என்பது நிபந்தனை. முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு வகுப்பில் செய்வதுபோல நிமிர்ந்து பார்த்தார். எதிரில் ஒரு மைக்கும் சுவரும். வாத்தியார் வேலையில் அவருக்கு எப்போதும் முன் வரிசையில் ஒரு பையன் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தலை ஆடினால்தான் அடுத்த வாக்கியம் வரும். எழுதி வைத்திருந்தாலும் வராது. இன்ஜினீயர் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரு இசைத்தட்டைப் போட்டார். பேச்சு நின்றால் தட்டு என்பதும் நிபந்தனைகளில் ஒன்றுதான்.

மறுமுறை எதிரில் பியூனை உட்கார்த்தினார்கள். பெரியப்பாவின் குரலில் அவன் தூங்கிப்போனான். கடற்கரையில் ‘காலத்தின் அருமை’ என்ற பேச்சோடு குறட்டையும் கேட்டதாகச் சொன்னார்கள். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

“நன்னாயிருக்கு! ஆம்படையானுக்கு எதிர்க்க நாற்காலி போட்டுண்டு உக்காரச் சொல்றேளா?”

“அசடு, ரேடியோவுல யார் பாக்கப் போறா?”

“கண்ணாடி வழியா அந்த இன்ஜினீயர் பாக்கறானோல்லியோ. அவன் யாராத்துப் பிள்ளை? தொப்பி வேற போட்டுண்டிருக்கான்.”

இன்ஜினீயர் பெரம்பூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். தமிழில் ‘ஸ்டார்ட்’, ‘போதும்’ என்ற இரண்டையும் வைத்துச் சமாளிப்பவர். பெரியம்மாவைப் பார்க்க அவருக்கு அவகாசம் இருந்திருக்காது. ஆனாலும் முடிந்த விஷயம் முடிந்ததுதான். பெரியப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜன்னல்களை ஆணியடித்து மூடி, இடுக்குகளில் தேங்காய் நார் அடைத்திருந்தார்கள். சுவர் தெரியாதபடி நாலு பக்கமும் மெத்தை, மெத்தைமேல் கம்பளி, கம்பளிமேல் திரை. காலடியில் ஜமுக்காளத்தின்மேல் ஜமுக்காளம். மின்விசிறி சத்தம் போடும் என்று கழற்றிவிட்டார்கள். அது தொங்கிய கொக்கி மட்டும் கூரையில் இருந்தது. உள்ளே நுழைந்தால் காது அடைத்துக்கொள்ளும். நனைந்து காய்ந்த கம்பளி, பெரியப்பாவின் மூக்குப்பொடி, தலைப்பாகைக் கஞ்சி எல்லாம் கலந்த வாசனை ஒன்று அங்கேயே குடியிருந்தது. ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி, அதற்குப் பின்னால் இன்ஜினீயர். கனமான கதவில் முகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வராந்தாவும் பியூனும். சிவப்பு விளக்கு எரிந்தால் கதவு திறக்காது.

வாசலில் என் வளையல்களைக் கழற்றிப் பியூனிடம் கொடுக்க வேண்டும். பட்டுப் பாவாடை சரசரக்கும், ஆகாது. துவைத்துத் துவைத்து நைந்துபோன சீட்டிப் பாவாடைதான். இருமக் கூடாது, தும்மக் கூடாது, நாற்காலியில் நகரக் கூடாது. வாயில் ஒரு கல்கண்டு போடுவார்கள், அதைக் கடிக்கக் கூடாது. செய்யக்கூடியது ஒன்றுதான். வாக்கியத்தின் நடுவில் லேசாக ஒரு அசைவு. முடிவில் ஆழமாக ஒன்று. உதாரணக் கதை வந்தால் புருவத்தையும் தூக்க வேண்டும். இதைப் பெரியப்பா வீட்டில் ஒத்திகை பார்த்தே சொல்லிக்கொடுத்தார்.

கொசு ஒழிப்பைப் பற்றிப் பேசிய அன்று என் முழங்காலில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது. அடிக்க முடியாது. பெரியப்பா தேங்கிய நீரைப் பற்றிச் சொன்னார், நான் ஆமோதித்தேன்.

வெளியே வந்ததும் பியூன் வளையலை நீட்டுவான். “இன்னா பாப்பா, வெந்துகினு வந்துட்டியா?”

நான் பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

“உங்க பெரிப்பா இன்னிக்கு இன்னாத்த பத்தி சொன்னாரு?”

“கொசு.”

“கொசு கேட்டுச்சா?”

அந்த நிலையத்தில் என்னைக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு என் பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. “குழந்தைக்கு ரேடியோன்னா உசிரு” என்று பெரியப்பா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். மேலதிகாரி ஒரு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, என்ன அறிவுள்ள குழந்தை, ஒரு வார்த்தையை விடாமல் கேட்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். உண்மையில் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. எப்போது அசைப்பது என்பதில் கவனம் வைத்தவளுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதில் கவனம் போகாது. பின்னாளில் அலுவலகக் கூட்டங்களில் இந்தக் கலையில் கைதேர்ந்த பலரைப் பார்த்தேன். எல்லோரும் நல்ல பதவிக்குப் போனார்கள்.

பங்குனி கடைசியில் குளக்கரையில் முதல் மாம்பழக் கூடை வந்தது. பச்சை மாறாத, புகை போட்டுப் பழுக்க வைத்த பழம். எனக்கு அது போதும். பள்ளிக்கூடம் மூட இன்னும் கொஞ்ச நாள்தான். பாவாடைகளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். தினமும் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன்.

அந்த வாரப் பேச்சுக்குப் போகும்போது ஜட்கா வண்டியில் பெரியப்பா நல்ல மனநிலையில் இருந்தார்.

“குழந்தே, மேலதிகாரி ஆனி முடியறவரைக்கும் பேச்சை நீட்டிச்சிருக்கார். நேத்திக்குத்தான் சொன்னார்.”

நான் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதனால நீ குண்டக்கல் போறதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அங்க கல்லே வெடிக்கற வெயில். உடம்புக்கு ஆகாது.”

“அம்மா வரச் சொல்லியிருக்காளே பெரியப்பா.”

“உங்கம்மாக்கு நான் சொல்லிக்கறேன். உனக்கும் இதெல்லாம் பிடிச்சிருக்கோல்லியோ?”

வாக்கியம் முடிந்திருந்தது. என் தலை ஆழமாக ஒரு தடவை அசைந்தது. அதைப் பழக்கியவரே அதைப் பார்த்துத் திருப்தியடைந்து, மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார்.

அன்றைய தலைப்பு ‘காற்றோட்டத்தின் அவசியம்’. நான் இதை ஜோடித்துச் சொல்லவில்லை. அதிகாரியின் முத்திரை பெற்ற தலைப்பு. கதவை மூடினார்கள், விளக்கு சிவந்தது. வீட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று பெரியப்பா பட்டணத்து ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அடைத்த அறையில் குழந்தைகளைப் படுக்க வைப்பது எத்தனை பெரிய தவறு என்று சொன்னார். வேர்வை என் காதோரம் இறங்கிக் கழுத்துக்குள் போனது. அன்று முதல் தடவையாக அவர் சொல்வது எனக்குக் கேட்டது. கேட்க ஆரம்பித்ததும் கழுத்து நின்றுவிட்டது.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். புருவத்தால் எனக்கு ஜாடை காட்டினார். “ஆகவே நேயர்களே, மூச்சு என்பது…” என்றார். மறுபடி பார்த்தார். நான் அவருடைய தலைப்பாகையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். “மூச்சு…” என்றார். அவ்வளவுதான். கையில் காகிதம் இருந்தது, அடுத்த வரி அதில் இருந்தது, வாய் திறந்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இன்ஜினீயர் ஏதோ கையசைத்துப் பார்த்தார். பிறகு நிபந்தனைப்படி அடுக்கில் மேலே இருந்த தட்டை எடுத்துப் போட்டார். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முத்திரை இல்லை. முத்திரை போடுகிறவர் அந்த வேளையில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

தட்டு, வயலின். ராகம், முகாரி.

இன்ஜினீயரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு எல்லாத் தட்டும் ஒன்று, உறையின் நிறம்தான் வேறு. கேட்டவர்கள் மயிலாப்பூர்க்காரர்களாக இருந்ததுதான் வினை. எதிர்வீட்டு வக்கீலின் கூடத்தில் பெட்டியைச் சுற்றி வழக்கம்போலத் தெரு ஜனம் உட்கார்ந்திருந்தது. மூச்சு என்று ஆரம்பித்த மனிதர் நின்றுபோகிறார். நிசப்தம். அப்புறம் முகாரி. முகாரி சோகத்துக்கு மட்டும் உரிய ராகமல்ல என்று வாதாடுகிற சங்கீத ரசிகர்கள் உண்டு. வக்கீலும் மற்ற நாட்களில் அப்படித்தான் வாதாடுவார். அன்று இரண்டு வில்வீச்சு கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாராம்.

“போயிட்டார்” என்றாராம்.

காரியத்தில் வக்கீல் கெட்டிக்காரர். அழுவதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, தன் குமாஸ்தாவைத் தந்தியாபீசுக்கு ஓட்டினார். ‘அண்ணா காலமானார். உடனே புறப்படவும்.’ அப்பாவுக்கு. இன்னொரு ஆள் காரியம் செய்துவைக்கிற சாஸ்திரிகளை அழைக்கப் போனான். பாடை கட்ட மூங்கிலுக்கும் சொல்லியாயிற்று. அதற்கு மேல்தான் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னார்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா என்னைத் திட்டவில்லை. “உடம்பு படுத்தறதா?” என்று மட்டும் கேட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உஷ்ணம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். நேராக வீட்டுக்குப் போக அவருக்கு முகம் இல்லை. கடற்கரைப் பக்கம் வண்டியை விடச் சொல்லி, ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு எட்டத்தில் மணலில் உட்கார்ந்திருந்தோம். முகம் தெரியாமல் மங்கியபிறகுதான் கிளம்பினோம்.

எங்கள் தெருமுனையில் கூட்டம். எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நாகரிகம் தெரிந்தவர். வண்டியை அங்கேயே நிறுத்தி இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வக்கீலைக் கண்டதும் பக்கத்தில் போய், இன்னும் தணிந்த குரலில் கேட்டார்.

“யாரு ஓய்?”

வக்கீல் திரும்பிப் பார்த்தார். “நீர்தான்” என்றார்.

கூட்டத்தில் ஒருத்தர் சட்டென்று பின்வாங்கிச் சாக்கடையில் கால் வைத்துவிட்டார்.

“என்ன ஓய் விளையாட்டு இது?”

“முகாரி வாசிச்சான் ஓய்! நீர் பாட்டுக்கு மூச்சு மூச்சுன்னீர். அப்பறம் முகாரின்னா, நான் வேற என்னன்னு எடுத்துக்கறது?”

உள்ளே பெண்கள் நடுவில் பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இல்லை. பெரியப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். “மத்தியானம் சரியா சாப்பிடக்கூட இல்லை, எழுந்து போயிட்டேளேன்னு நினைச்சுண்டிருந்தேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை லேசில் நிற்கவில்லை.

மறுதந்தி கொடுக்கத்தான் கொடுத்தார்கள். அது போய்ச் சேர்வதற்குள் முதல் தந்தி வேலையை முடித்துவிட்டது.

பெரியப்பா இறந்திருந்த அந்த ஒரு மாலைப்பொழுதில்தான் அவர் எவ்வளவு பெரிய பேச்சாளர் என்பது ஊருக்குத் தெரியவந்தது. மறுநாள் முழுக்க ஆட்கள் வந்து பார்த்தார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து மெஸ் சாப்பாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். தி.நகர்ப் பூங்காவில் ஒலிபெருக்கிக்கு எதிரே ஜனங்கள் எழுந்து நின்று தலை குனிந்ததாக ஒருவர் நேரில் கண்டதைச் சொன்னார். பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர்கள் கேட்டது பேச்சை அல்ல, பேச்சு நின்றதை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். தெருமுனையிலிருந்தே அம்மா அழுதுகொண்டு வந்தாள். வாசலுக்கு வந்தவள் ஊஞ்சலில் பெரியப்பா காப்பி ஆற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அழுகையை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கணவனின் அண்ணாவுக்கு எதிரில் வந்து நிற்கிற வழக்கம் அந்நாளில் நம் வீடுகளில் கிடையாது, பேசுவது அப்புறம். சமையலறையில் என்னைக் கண்டதும் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ரயில் கரி வாசனை. என் பின்னலை அவிழ்த்துத் தடவிப் பார்த்தாள். “இளைச்சுப் போயிட்டியேடி” என்றாள். “அந்த ரூமுல காத்தே வராதாமே? அக்கா இப்பத்தான் சொன்னா.”

“என்னை அழைச்சுண்டு போயிடும்மா.”

“அப்பா கேக்கறேன்னிருக்கார். இரு.”

அப்பா கேட்டார். கூடத்தில் இருவரும் இருந்தார்கள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

“அண்ணா, வந்ததுதான் வந்தோம். பள்ளிக்கூடமும் மூடற சமயம். குழந்தையை இப்பவே அழைச்சுண்டு போகலாம்னு…”

“அழைச்சுண்டு போயேன். யார் வேண்டாம்னா?” பெரியப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். “ஆனா ஒண்ணு. அன்னிக்கு அவ ஒரு நாள் தலையாட்டலை. என்ன ஆச்சுன்னு ஊரே பாத்துது. நீயும் அதுக்குத்தானே வந்திருக்கே? அவ இல்லேன்னா எனக்குப் பேச்சு வராது. மேலதிகாரி இப்போ வாரத்துக்கு ரெண்டு பேச்சு கேக்கறார்.”

பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: “குழந்தையை விடுங்கோளேன், பாவம்.”

“அப்ப நீ வந்து உக்காரு எதிர்க்க.”

பெரியம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் இதே தீர்ப்பைப் பின்னால் எத்தனையோ கோப்புகளில் பார்த்தேன். ஒருவன் ஒரு நாள் வேலையை நிறுத்தினால், அவன் இல்லாமல் வேலை நடக்காது என்பது ருசுவாகிறது. ருசுவானபின் அவனுக்கு விடுப்பு கிடையாது. நானே அப்படி எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பகலில் கூடத்தில் முதல் தடவையாக அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

“உங்க இஷ்டம் அண்ணா” என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மாவிடம் கேட்பதற்கு அவருக்கு இருந்த வழி அதுதான்.

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் விரல்கள் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தன. அவள் தலை ஆழமாக, ஒரே தடவை, அசைந்தது. எத்தனை வருஷம் பழகினால் அப்படி அசையும் என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு மரணத்துக்காகக் கொடுத்த விடுப்பு. மரணம் நிகழாததால் விடுப்பும் செல்லாது என்று பயந்து மறுநாளே கிளம்பிவிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நானும் பெரியப்பாவும் போனோம். பெரியப்பா அப்பாவோடு முன்னால் நடந்தார். வெயிலுக்கு வெட்டிவேர் விசிறி விற்றுக்கொண்டிருந்தவனிடம் அம்மா நின்று, சிவப்புத் துணியால் ஓரம் கட்டிய ஒன்றை வாங்கினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததில் வாங்கினாள். என் கையில் கொடுத்து, “தண்ணி தெளிச்சு வீசிக்கோ. அந்த ரூமுல” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “இது சத்தம் போடாதோல்லியோ?” என்று கேட்டாள்.

“போடாதும்மா” என்றேன்.

சத்தம் போடும். வெட்டிவேர் காய்ந்தால் சரசரக்கும், நனைந்தால் சொட்டும். நிலையத்துக்குள் கொண்டுபோகக் கூடாதவற்றில் அது சேர்த்திதான். அடுத்த பேச்சுக்குப் போனபோது வளையல்களோடு அதையும் வாசலில் பியூனிடம் கொடுத்தேன்.

“இத்த உள்ள எத்துகினு போவக் கூடாது பாப்பா. நான் வெச்சிக்கிறேன்” என்றான். முகர்ந்து பார்த்தான். “வாசனையா கீதே. யாரு குடுத்தது?”

“எங்கம்மா.”

அவன் விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கதவை மூடினான். விளக்கு சிவந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் நடுவில் லேசாகவும் முடிவில் ஆழமாகவும் அசைத்தேன். அவருக்குப் பின்னால், கதவின் வட்டக் கண்ணாடியில், பியூன் வராந்தா ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பது தெரிந்தது. கூஜாத் தண்ணீரில் நனைத்திருப்பான்போல, கை ஒவ்வொரு முறை வீசும்போதும் துளிகள் பறந்தன.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்தான். விசிறியை என் பக்கம் திருப்பி, கண்ணாடியை நோக்கி வீச ஆரம்பித்தான். கண்ணாடியில் தண்ணீர் தெறித்து வழிந்தது. பேச்சு முடிகிறவரை, கை மாற்றி மாற்றி, அவன் வீசிக்கொண்டே நின்றான்.